வைக்கோற்போரில் எறிந்த பந்து: அயர்லாந்து நாடாளுமன்றத்தில் எதிர்க்கட்சித் தலைவரின் கேள்வி

டப்ளின் நகரின் கில்டேர் தெருவில் அயர்லாந்து நாடாளுமன்றம் கூடும் லென்ஸ்டர் மாளிகையில், 2014 நவம்பர் 13 வியாழக்கிழமையன்று, ஓர் உறுப்பினர் அவைத்தலைவர் அமரச் சொல்லியும் அமரவில்லை; வெளியேறும்படி பணித்த பிறகும் வெளியேறவில்லை. அவர் ஷின் ஃபேன் கட்சியின் அப்போதைய துணைத்தலைவர் மேரி லூ மெக்டொனால்ட். புதிதாக வரவிருந்த தண்ணீர்க் கட்டணத்தைச் செலுத்தாதவர்களின் ஊதியத்திலோ அரசு உதவித்தொகையிலோ அந்தப் பணம் பிடித்தம் செய்யப்படுமா என்று துணைப் பிரதமர் ஜோன் பர்ட்டனிடம் அவர் கேட்டிருந்தார். ஆம் அல்லது இல்லை என்ற ஒரு சொல் போதும் என்றார். அந்த ஒரு சொல் வரவில்லை. அவர் அவையிலேயே உட்கார்ந்துவிட்டார். கட்சி சகாக்கள் சிலரும் உடன் இருந்தனர். அன்றைய அலுவல் அதோடு நின்றது. பல மணி நேரம் கழித்துத்தான் அவர்கள் எழுந்து சென்றார்கள். ஆறு நாள் கழித்து அரசு தன் திட்டத்தைத் திருத்தி, தனியாக வசிப்பவருக்கு ஆண்டுக்கு 160 யூரோ, மற்ற வீடுகளுக்கு 260 யூரோ என்று கட்டணத்துக்கு உச்சவரம்பு அறிவித்தது.

அந்தத் திருத்தத்துக்குக் காரணம் மெக்டொனால்டின் உட்காரல் என்று சொன்னால் அது மிகை. அந்த மாதத் தொடக்கத்தில் நாடு முழுவதும் ஊர் ஊராகத் தெருவில் இறங்கிய கூட்டமே அரசை அசைத்தது. ஆனால், கேள்வி கேட்டு, பதில் பெறாமல், அந்தப் பதிலின்மையையே ஊரறியச் செய்த அந்த நிகழ்ச்சி அயர்லாந்து நாடாளுமன்றத்தின் ஒரு வழக்கத்தைப் புரிந்துகொள்ள நல்ல வாசல். எதிர்க்கட்சித் தலைவர் அரசைக் கேள்வி கேட்கும் அந்தச் சில நிமிடங்களில் பதில் கிடைப்பது அரிது. இருந்தும் அந்த நிமிடங்களுக்காக அங்கே கட்சிகள் அவையையே முடக்கும் அளவுக்குச் சண்டையிடுகின்றன. ஏன் என்பதே இந்தக் கட்டுரையின் பொருள்.

முதலில் இடத்தையும் ஆட்களையும் அறிமுகப்படுத்திக்கொள்வது நல்லது. அயர்லாந்து நாடாளுமன்றத்தின் கீழவைக்கு டால் ஏரன் என்று பெயர்; சுருக்கமாக டால். அதன் முதல் கூட்டம் 1919 ஜனவரி 21 அன்று, பிரிட்டிஷ் ஆட்சியை மீறி, டப்ளின் மேயரின் இல்லமான மான்ஷன் ஹவுஸில் நடந்தது. இப்போது அதில் 174 உறுப்பினர்கள்; அவர்களை டி.டி. என்று அழைப்பார்கள். பிரதமருக்கு டீஷக், துணைப் பிரதமருக்கு டானிஷ்ட, அவைத்தலைவருக்குக் கியௌன் கோர்லே என்ற ஐரிஷ் மொழிப் பெயர்களே ஆங்கிலப் பேச்சிலும் புழங்குகின்றன. 1937ஆம் ஆண்டு அரசமைப்பின் 28ஆவது பிரிவு, அரசாங்கம் டால் அவைக்குப் பொறுப்புடையது என்று ஒரே வரியில் சொல்லிவிட்டு, பெரும்பான்மையின் ஆதரவை இழந்த பிரதமர் விலக வேண்டும் என்கிறது. அந்தப் பொறுப்பை அன்றாடம் எப்படி நிறைவேற்றுவது என்பதை அது சொல்லவில்லை. அவை தன் நடைமுறை விதிகளைத் தானே வகுத்துக்கொள்ளலாம் என்று மட்டும் 15ஆவது பிரிவு அனுமதிக்கிறது. எதிர்க்கட்சித் தலைவர் என்ற பதவியும் அரசமைப்பில் இல்லை. அரசில் சேராத கட்சிகளில் எது பெரியதோ அதன் தலைவரை அப்படி அழைப்பது வழக்கம், அவ்வளவுதான்.

ஆகவே, நாம் பேசும் இந்தக் கேள்வி நேரம் முழுக்க முழுக்க அவையின் நடைமுறை விதிகளில் பிறந்தது. அதற்குத் ‘தலைவர்களின் கேள்விகள்’ என்று பெயர். வயதிலும் அது இளையது. பெர்ட்டி அஹெர்ன் பிரதமராக இருந்தபோது, இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் வந்தது. அதற்கு முன்பும் பிரதமரிடம் கேள்விகள் கேட்கப்பட்டன, இன்றும் தனியாகக் கேட்கப்படுகின்றன. ஆனால் அவை முன்கூட்டியே எழுதிக் கொடுக்கப்பட்டு, பிரதமரின் துறை சார்ந்த விஷயங்களுக்குள் அடங்கி, அதிகாரிகள் தயாரித்த பதிலை வாசிப்பதில் முடிந்துவிடும். தலைவர்களின் கேள்விகளுக்கு அறிவிப்புத் தேவையில்லை. பொதுமுக்கியத்துவம் வாய்ந்த, அப்போதைக்குச் சூடான எந்த விஷயத்தையும் எழுப்பலாம். மருத்துவமனை நடைக்கூடத்தில் தள்ளுவண்டிக் கட்டிலில் கிடக்கும் முதியவர் முதல் காஸா வரை எதுவும் வரலாம். பிரதமர் ஒரு தடித்த கோப்போடு வந்து அமர்வதும், கேள்வி எழுந்ததும் உரிய பக்கத்தைத் தேடிப் புரட்டுவதும் இதனால்தான்.

முறை எளிமையானது. செவ்வாய்க்கிழமை பிற்பகல் 2 மணிக்கு மணியடித்து அவை கூடும். ஐரிஷிலும் ஆங்கிலத்திலும் ஒரு வேண்டுதல், அதன் பின் அரை நிமிட மௌனம். மௌனம் கலைந்ததும் முதல் கேள்வி. புதன், வியாழன் நாட்களில் நண்பகலில் நடக்கும். செவ்வாயும் புதனும் பிரதமர் பதில் சொல்வார். வியாழனன்று துணைப் பிரதமரோ வேறோர் அமைச்சரோ நிற்பார். கேட்பவருக்கு மூன்று நிமிடம், பதிலுக்கு மூன்று நிமிடம், துணைக்கேள்விக்கு ஒன்று, அதன் பதிலுக்கு ஒன்று என ஒரு தலைவருக்கு எட்டு நிமிடம். பெரிய எதிர்க்கட்சிக்கு முதலிடம். அதன் பின் மற்றக் கட்சிகளும், சிறு கட்சிகளும் சுயேச்சைகளும் சேர்ந்து அமைத்துக்கொண்ட குழுக்களும் வரும். ஒரு குழுவாக அங்கீகாரம் பெறக் குறைந்தது ஐந்து உறுப்பினர்கள் வேண்டும். 2016க்கு முன் ஏழு பேர் தேவைப்பட்டார்கள். இந்த ஐந்து என்ற எண்ணைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

பிரிட்டனின் புகழ்பெற்ற புதன்கிழமைக் கேள்வி நேரத்தோடு இதை ஒப்பிடுவது இயல்பு. அங்கே எதிர்க்கட்சித் தலைவருக்கு ஆறு கேள்விகள். ஒவ்வொன்றும் சிறியது, பதிலைப் பிடித்துக்கொண்டு அடுத்ததைத் தொடுக்கலாம், வாள்வீச்சு மாதிரி. டப்ளினில் மூன்று நிமிடப் பேச்சு, அதற்கு மூன்று நிமிடப் பேச்சு. கேள்வியே ஒரு சிறு சொற்பொழிவாகிவிடுகிறது. ஒரு குடும்பத்தின் கடிதத்தை வாசித்து, ஒரு புள்ளிவிவரத்தைச் சொல்லி, அரசின் பழைய வாக்குறுதியை நினைவூட்டி, கடைசி பத்து விநாடியில்தான் வினாக்குறி வரும். நாலைந்து கேள்விகளை அதில் அடுக்கிவிட்டால் பிரதமர் தமக்கு வசதியானதை மட்டும் எடுத்துக்கொள்வார். தேர்ந்தவர்கள் ஒன்றையே கேட்பார்கள். என் கணிப்பில், அங்கு வீணாகும் எட்டு நிமிடங்களில் பாதிக்குக் காரணம் பதிலளிப்பவரின் தந்திரம் அல்ல, கேட்பவரின் ஆசை.

அவையின் அமைப்பும் இதற்கு ஒத்தாசை செய்கிறது. வெஸ்ட்மின்ஸ்டரில் போல இரு தரப்பும் நேருக்கு நேர் அமர்வதில்லை. லென்ஸ்டர் மாளிகை 18ஆம் நூற்றாண்டின் நடுவில் ஒரு பிரபுவுக்காகக் கட்டப்பட்டது. பின்னர் ராயல் டப்ளின் சொசைட்டியின் கைக்குப் போனது. அந்தச் சங்கம் 1890களில் கட்டிய விரிவுரை அரங்கில்தான் டால் இன்று கூடுகிறது. குதிரைலாட வடிவில், படிப்படியாக உயரும் இருக்கைகள். அதாவது, அறிவியல் சொற்பொழிவு கேட்பதற்காகக் கட்டிய மண்டபம்.

சோஷலிஸ்ட் கட்சியின் ஜோ ஹிக்கின்ஸ் இந்த அரங்கில் பெர்ட்டி அஹெர்னிடம் கேள்வி கேட்டு அலுத்து ஒருமுறை சொன்ன உவமை இன்றும் அங்கே வழக்கில் இருக்கிறது. பிரதமரிடம் கேள்வி கேட்பது வைக்கோற்போரின் மீது பந்தடித்து விளையாடுவது மாதிரி, தொப்பென்று ஒரு சத்தம் கேட்கும், பந்து திரும்பி வராது என்றார் அவர். சுவரில் பந்தை அடித்து விளையாடும் ஹேண்ட்பால் அயர்லாந்தின் நாட்டு விளையாட்டு என்பதால் கேட்டவர்களுக்கு உடனே உறைத்தது. அஹெர்னின் பாணி அப்படி: மறுக்க மாட்டார், ஒத்துக்கொள்ளவும் மாட்டார், பாதியில் முடியாத வாக்கியங்களால் மூன்று நிமிடத்தையும் நிரப்பிவிடுவார். அவருக்குப் பின் வந்தவர்கள் வேறு வழிகளைக் கையாண்டார்கள். கேள்வி கேட்பவரின் கட்சி வேறெங்கோ ஆட்சியில் இருந்தால் அதைக் காட்டுவது ஒரு வழி. ஷின் ஃபேன் அயர்லாந்துத் தீவின் இரு அரசியல் எல்லைகளிலும் இயங்கும் கட்சி. பிரிட்டனின் பகுதியான வடக்கு அயர்லாந்தின் நிர்வாகத்தில் அது பங்கேற்பதால், டப்ளினில் மருத்துவமனைக் காத்திருப்புப் பட்டியலைப் பற்றிக் கேட்டால் அதன் தலைநகர் பெல்ஃபாஸ்டின் பட்டியல் பதிலாக வரும். பதில் பொருத்தமாக இல்லை என்று முறையிடவும் வழியில்லை. பதிலின் உள்ளடக்கத்தில் தமக்கு அதிகாரம் இல்லை என்பது அவைத்தலைவர் நாற்காலியிலிருந்து வழிவழியாக ஒலிக்கும் வாக்கியம்.

கேட்பவரின் வாய்க்கும் பூட்டு உண்டு. சக உறுப்பினர் பொய் சொன்னார் என்று அவையில் சொல்லக் கூடாது. அவைத்தலைவர்கள் காலங்காலமாக அளித்த தீர்ப்புகளின் தொகுப்பில், கோழை, கோமாளி, பாசாங்குக்காரர், பாசிஸ்ட், எலி, தெருப்பொறுக்கி என்றெல்லாம் சக உறுப்பினரை அழைக்கக் கூடாது என்று ஒரு பட்டியலே இருக்கிறது. (மிக மோசமான ஒரு வசைச்சொல் அந்தப் பட்டியலில் விடுபட்டிருந்தது, 2009 டிசம்பரில் பசுமைக் கட்சியின் பால் கோகார்ட்டி அதை அவையில் உரக்கச் சொல்லி உடனே மன்னிப்பும் கேட்ட பிறகே பலருக்கும் தெரியவந்தது.) பொய் என்ற சொல்லுக்கான தடை வெறும் நாகரிகப் பிரச்சினை அல்ல. எதிர்க்கட்சி எதைச் சொல்ல விரும்புகிறதோ அதையே சொல்லவிடாமல் செய்யும் தடை அது.

வீட்டு வசதி விவகாரத்தில் அது நன்றாகத் தெரிந்தது. 2024 இலையுதிர் காலத்திலும், நவம்பர் 29ஆம் தேதி நடந்த பொதுத்தேர்தலின் பிரச்சாரத்திலும், அந்த ஆண்டில் ஏறத்தாழ 40,000 வீடுகள் கட்டி முடிக்கப்படும் என்று ஆளும் கட்சிகளின் தலைவர்கள் சொல்லிவந்தார்கள். 2025 ஜனவரியில் மத்தியப் புள்ளியியல் அலுவலகம் வெளியிட்ட கணக்கில் இருந்தது 30,330. அதற்கு முந்தைய ஆண்டைவிடவும் அது குறைவு. வாடகை கட்ட முடியாமல், வீடு கிடைக்காமல், அவசரத் தங்குமிடங்களில் இருந்தவர்களின் எண்ணிக்கை அப்போது 15,000ஐத் தாண்டியிருந்தது. தேர்தலுக்கு முன்பே உண்மை நிலவரம் தெரிந்திருந்ததா இல்லையா என்பதே மெக்டொனால்டும் மற்ற எதிர்க்கட்சித் தலைவர்களும் வாரக்கணக்கில் திரும்பத் திரும்பக் கேட்டது. பொய் என்ற சொல்லைத் தவிர்த்து, மக்களைத் தவறாக நம்பவைத்தீர்கள் என்று சுற்றிவளைத்துச் சொல்ல வேண்டும். அமைச்சர்கள் தங்களுக்கு அப்போது கிடைத்த கணிப்புகளின் அடிப்படையில் நல்லெண்ணத்தோடு சொன்னோம் என்பார்கள். விவாதம் வீட்டை விட்டு விலகி, எது பொய் எது பிழையான கணிப்பு என்ற சொல்லாராய்ச்சிக்குள் போய்விடும்.

இத்தனைக்கும் பிறகு அந்த எட்டு நிமிடங்களின் மதிப்பு எங்கே இருக்கிறது? பதிவேட்டில் இருக்கிறது. அவையில் பேசிய ஒவ்வொரு சொல்லும் அதிகாரபூர்வ அறிக்கையில் ஏறுகிறது. அதில் ஏறிய ஒரு பிரதமரின் வாக்கியம் பின்னால் உண்மைக்கு மாறானது என்று தெரிந்தால், அவர் அவைக்கு வந்து திருத்த வேண்டும். வானொலிப் பேட்டியில் சொன்னதை மறந்துவிடலாம். தேர்தல் கூட்டத்தில் சொன்னதைப் பேச்சோடு போனதாக விடலாம். டாலில் சொன்னதை விட முடியாது.

2017 நவம்பரில் நடந்தது இதற்குத் தெளிவான சான்று. காவல்துறையின் முறைகேடுகளை வெளிக்கொண்டுவந்த ஒரு சார்ஜென்ட்டை, ஓர் விசாரணை ஆணையத்தின் முன் அவருடைய நோக்கமே கெட்டது என்று சாடும் உத்தியைக் காவல்துறைத் தலைமை 2015இல் கையாண்டதா, அது அப்போதைய நீதித்துறை அமைச்சர் பிரான்சஸ் ஃபிட்ஸ்ஜெரால்டுக்கு எப்போது தெரியும் என்று தொழிற்கட்சியின் ஆலன் கெல்லி எழுத்துபூர்வக் கேள்விகளால் விடாமல் துளைத்துக்கொண்டிருந்தார். பிரதமர் லியோ வரத்கர் அவையில் ஒரு பதில் சொன்னார். சில நாட்களில் நீதித்துறையின் கோப்புகளிலிருந்து 2015 மே மாதத்து மின்னஞ்சல் ஒன்று வெளியே வந்தது. தாம் சொன்னதைப் பிரதமர் திருத்த வேண்டியதாயிற்று. அதுவரை யாரும் பெரிதாகக் கவனிக்காத விவகாரம், அவைக்குத் தவறான தகவல் தரப்பட்டது என்ற வடிவம் பெற்றவுடன், ஆட்சியையே ஆட்டியது. நம்பிக்கையில்லாத் தீர்மானங்கள் வந்தன. கிறிஸ்துமஸுக்கு முன் தேர்தல் என்று பேச்சு கிளம்பியது. நவம்பர் 28 அன்று, வாக்கெடுப்புக்குச் சில மணி நேரம் முன்னால், அப்போது துணைப் பிரதமராக இருந்த ஃபிட்ஸ்ஜெரால்ட் பதவி விலகினார்.

கதை அங்கே முடிந்திருந்தால் எதிர்க்கட்சிகளுக்குப் பெருமையாக இருந்திருக்கும். 2018 அக்டோபரில் நீதிபதி பீட்டர் சார்ல்டனின் விசாரணை அறிக்கை, அந்த மின்னஞ்சல் விஷயத்தில் ஃபிட்ஸ்ஜெரால்ட் தவறேதும் செய்யவில்லை என்று முடிவு சொன்னது. கேள்விகள் ஓர் ஆவணத்தை வெளியே கொண்டுவந்தன, அது அவற்றின் வெற்றி. அந்த ஆவணத்துக்கு என்ன பொருள் என்று அவையின் கொதிப்பு அவசரப்பட்டு முடிவுகட்டியது. அது வேறு கணக்கு.

எதிர்த்திசையிலான சான்று இன்னும் பழையது. 1980களின் இறுதியில் ஒரு பெரிய மாட்டிறைச்சி ஏற்றுமதி நிறுவனத்துக்கு, ஈராக்குக்கு அனுப்பிய சரக்குக்காக, அரசு அளித்த ஏற்றுமதிக் கடன் காப்பீடு குறித்து எதிர்க்கட்சி உறுப்பினர்கள் பலர் டாலில் கேள்வி எழுப்பினார்கள். பதில்கள் மழுப்பலாகவே இருந்தன. 1991 மே மாதம் பிரிட்டிஷ் தொலைக்காட்சி ஒன்று அந்த நிறுவனத்தைப் பற்றிய நிகழ்ச்சியை ஒளிபரப்பிய பிறகே, நீதிபதி லியம் ஹாமில்டன் தலைமையில் விசாரணை ஆணையம் அமைந்தது. அதில் இரு ஆளும் கட்சித் தலைவர்கள் அளித்த முரண்பட்ட சாட்சியத்தால் 1992 நவம்பரில் கூட்டணி அரசே கவிழ்ந்தது. அறிக்கை வர 1994 ஆகிவிட்டது. விசாரணையின்போது ஹாமில்டன் வெறுத்துப்போய்ச் சொன்னார்: இங்கே கேள்விகளுக்குப் பதில் சொல்வதைப் போல டாலில் சொல்லியிருந்தால் இந்த விசாரணைக்கே தேவை இருந்திருக்காது, பெரும்பணமும் காலமும் மிச்சமாகியிருக்கும். அயர்லாந்தில் நாடாளுமன்றக் கேள்விகளைப் பற்றி எழுதுகிற எவரும் அந்த வாக்கியத்தைத் தாண்டிப் போவதில்லை. வைக்கோற்போருக்குள் போன பந்துக்கு ஆன செலவுக் கணக்கு அது.

இப்போது அந்த ஐந்து என்ற எண்ணுக்குத் திரும்புவோம். கேட்கும் உரிமை இவ்வளவு மதிப்புள்ளது என்றால், அது யாருக்கு உரியது என்பதில் சண்டை வந்தே தீரும். அயர்லாந்தில் அந்தச் சண்டை கூர்மையாவதற்குத் தேர்தல் முறையும் காரணம். ஒவ்வொரு தொகுதியிலிருந்தும் மூன்று முதல் ஐந்து பேர் வரை, ஒற்றை மாற்று வாக்கு முறையில் தேர்ந்தெடுக்கப்படுகிறார்கள். இந்தியாவின் மாநிலங்களவைக்குச் சட்டமன்ற உறுப்பினர்கள் வாக்களிக்கும் அதே முறை, ஆனால் அயர்லாந்தில் வாக்களிப்பது பொதுமக்கள். இதனால் சிறு கட்சிகளும் சுயேச்சைகளும் ஏராளமாக வந்துவிடுகிறார்கள். 2024 தேர்தலில் ஃபியன்னா ஃபால் 48, ஷின் ஃபேன் 39, ஃபினே கேல் 38, தொழிற்கட்சி 11, சமூக ஜனநாயகக் கட்சி 11, மீதியெல்லாம் சிறு கட்சிகளும் சுயேச்சைகளும். எதிர்க்கட்சி என்று ஒருமையில் சொல்வதே அங்கு பிழை. பிரதமரை மடக்குவது போலவே பக்கத்து இருக்கைக் கட்சியை முந்துவதும் ஒவ்வொரு தலைவரின் வேலை; முதல் கேள்வியை மெக்டொனால்ட் எடுத்துக்கொண்டால் அடுத்தவர் அதே விஷயத்தில் வேறு கோணம் தேட வேண்டும்.

48ம் 38ம் சேர்ந்தால் 86. பெரும்பான்மைக்கு 88 வேண்டும். ஃபியன்னா ஃபாலும் ஃபினே கேலும் சுயேச்சைகள் குழு ஒன்றோடு பேசி ஆட்சித் திட்டம் வகுத்தன. அந்தக் குழுவின் முகம் டிப்பெரரியின் நெடுநாள் உறுப்பினர் மைக்கேல் லௌரி. பேச்சில் பங்கெடுத்த சுயேச்சைகளில் சிலர் இணையமைச்சர்கள் ஆனார்கள். பதவி பெறாத லௌரி உள்ளிட்ட சிலர், தாங்கள் அரசை ஆதரித்தாலும் அமைச்சர்கள் அல்லர், ஆகவே எதிர்வரிசையில் ஒரு குழுவாக அமர்ந்து பேசும் நேரம் பெறுவோம் என்றார்கள். ஆதரவாளர்கள் எதிர்க்கட்சியின் நேரத்தில் எழுந்து பிரதமரைக் கேள்வி கேட்பதா என்று மற்ற கட்சிகள் கொதித்தன. 2025 ஜனவரி 22 அன்று புதிய பிரதமராக மீஹால் மார்ட்டினைத் தேர்ந்தெடுக்க அவை கூடியபோது, எதிர்க்கட்சி உறுப்பினர்கள் அனைவரும் எழுந்து நின்று குரலெழுப்பியதால் அவை மீண்டும் மீண்டும் ஒத்திவைக்கப்பட்டு, நாள் முழுக்கத் தேர்வே நடக்கவில்லை. உறுப்பினர்களின் உறவினர்கள் பார்வையாளர் மாடத்தில் காத்திருந்து திரும்பினார்கள். மறுநாள் 95க்கு 76 என்ற வாக்குகளில் மார்ட்டின் பிரதமரானார்.

அத்துடன் ஓயவில்லை. அவைத்தலைவர் வெரோனா மர்ஃபி, அந்தப் பொறுப்புக்கு வந்த முதல் பெண், லௌரி தரப்பினரை எதிர்வரிசைக் குழுவாக ஏற்க முடியாது என்று பிப்ரவரியில் தீர்ப்பளித்தார். அரசு வேறு வழியில் வந்தது. தலைவர்களின் கேள்விகளைத் தொடாமல், ‘பிற உறுப்பினர்களின் கேள்விகள்’ என்று வாரத்தில் இரு நாள் சில நிமிடங்கள் கொண்ட புதிய நேரம் ஒன்றை உருவாக்கியது. மார்ச் 25 அன்று அந்த விதித் திருத்தம் கூச்சலுக்கு நடுவே வாக்கெடுப்புக்கு விடப்பட்டது. அன்று தலைவர்களின் கேள்விகளே நடக்கவில்லை. அவைத்தலைவர் நடுநிலை தவறினார் என்று எதிர்க்கட்சிகள் அவர் மீது நம்பிக்கையில்லை என்றன. ஏப்ரல் 1 அன்று அரசு எதிர்த்தீர்மானம் கொண்டுவந்து 96க்கு 71 என்று வென்றது.

சில நிமிடங்களுக்காக இத்தனை ரகளையா என்று ஆளும் தரப்பு கேலி செய்தது. வெளியிலிருந்து பார்ப்பவருக்கும் அப்படித்தான் தோன்றும். ஆனால், கேள்வி கேட்பவர் பதில் சொல்பவரின் கூட்டாளியாக இருந்தால் அது கேள்வி அல்ல. பிரதமருக்குக் கிடைத்த கூடுதல் பேச்சு நேரம். அரசுக்கும் சொல்ல ஒரு முன்னுதாரணம் இருந்தது. 2016இல் ஃபினே கேல் சிறுபான்மை அரசு அமைத்தபோது, வரவுசெலவுத் திட்ட வாக்கெடுப்புகளில் விலகி நின்று அதைக் காப்பாற்றுவதாக எழுத்தில் உறுதியளித்தது ஃபியன்னா ஃபால். அதே கட்சியின் தலைவர்தான் நான்கு ஆண்டுகள் எதிர்க்கட்சித் தலைவராக முதல் கேள்வியைக் கேட்டார். அன்று அதை விசித்திரம் என்று முணுமுணுத்தவர் ஷின் ஃபேன் வரிசையில் உண்டு. இரண்டும் ஒன்றல்ல என்றே நான் நினைக்கிறேன். விலகி நிற்பதற்கும், ஆட்சித் திட்டத்தையே உடன் உட்கார்ந்து எழுதுவதற்கும் இடையே தூரம் இருக்கிறது. ஆனாலும் எல்லைக்கோட்டை முதலில் மங்கலாக்கியது 2016 ஏற்பாடுதான் என்பதை மறுக்க முடியாது.

அந்த நான்கு ஆண்டுகள் கேள்வி கேட்ட ஃபியன்னா ஃபால் தலைவர் வேறு யாருமல்ல, மீஹால் மார்ட்டின். 2011 தேர்தலில் கட்சி 20 இடங்களுக்குச் சுருங்கிய நாளிலிருந்து 2020 வரை எதிர்வரிசையின் முதல் இருக்கை அவருடையது. அடுத்தடுத்துப் பிரதமர்களாக இருந்த எண்டா கென்னியையும் வரத்கரையும் அங்கிருந்து கேட்டவர். 2019 தொடக்கத்தில் அவர் பிடித்துக்கொண்ட விவகாரங்களில் ஒன்று, டப்ளினில் எழும் தேசியக் குழந்தைகள் மருத்துவமனை. 2017இல் 983 மில்லியன் யூரோ என்று ஒப்புதல் பெற்ற அந்தக் கட்டடத்தின் செலவு 2018 முடிவில் 1.43 பில்லியனாகியிருந்தது; இது யாருக்கு எப்போது தெரியும் என்பது கேள்வி. அன்றைய சுகாதார அமைச்சர் சைமன் ஹாரிஸ். 2024 பிப்ரவரியில் அதே மருத்துவமனைக்கான ஒதுக்கீடு 2.24 பில்லியனைத் தொட்டபோது, மார்ட்டின் துணைப் பிரதமர். இரண்டு மாதத்தில் ஹாரிஸ் பிரதமர். கேள்வி வந்தது எதிர்ப்பக்கத்திலிருந்து. 2017இல் ஹாரிஸ் அளித்த இன்னொரு வாக்குறுதி, முதுகெலும்பு வளைவு அறுவை சிகிச்சைக்கு எந்தக் குழந்தையும் நான்கு மாதத்துக்கு மேல் காத்திருக்காது என்பது. நிறைவேறாத அந்தச் சொல்லை, எட்டாண்டு கழித்தும் மெக்டொனால்ட் அவையில் அப்படியே வாசித்துக் காட்டுகிறார். பதிவேடு அதற்குத்தான்.

1927 முதல் எதிர்க்கட்சித் தலைவர் இருக்கை ஃபியன்னா ஃபால், ஃபினே கேல் என்ற இரு பெரிய கட்சிகளுக்கும் அவற்றின் முன்னோடிகளுக்குமே சுற்றிவந்தது. 2020 ஜூனில் அந்த இரண்டும் முதல்முறையாக ஒரே கூட்டணியில் சேர்ந்ததால், அது ஷின் ஃபேனிடம் போனது. 1986 வரை டாலில் நுழைவதில்லை என்பதைக் கொள்கையாக வைத்திருந்த கட்சியிடம். அன்று முதல் மெக்டொனால்ட் மார்ட்டினிடம் கேட்டார். 2022 டிசம்பரில், கூட்டணிக் கட்சிகளிடையே பிரதமர் பதவி மாறும் சுழற்சி முறையில், வரத்கர் வந்தபோது அவரிடம் கேட்டார். 2024 ஏப்ரல் முதல் ஹாரிஸிடம். 2025 ஜனவரி முதல் மறுபடியும் மார்ட்டினிடம். கூட்டணி ஒப்பந்தப்படி 2027 நவம்பரில் பிரதமர் நாற்காலி மீண்டும் ஃபினே கேலுக்குப் போக வேண்டும். 2014இல் ஒற்றைச் சொல் பதிலுக்காக அவையில் உட்கார்ந்தவருக்கு இப்போது அப்படி உட்காரத் தேவையில்லை. செவ்வாய்க்கிழமை மௌனம் கலைந்ததும் அவைத்தலைவர் அழைக்கும் முதல் பெயர் அவருடையது.